ஆர்.வி.யை எங்கே நிறுத்துவது, எந்த வண்டியில் மணலுக்குள் போவது? அன்சா-பொரேகோ டிசம்பர் பயணம்

வைகைக்கரை | நவம்பர் 6, இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. டிசம்பர் 12 முதல் 15 வரை கலிபோர்னியாவின் அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவுக்குப் போகிறோம். நான்கு குடும்பங்கள், 14 பேர். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் வருகிறார். அவருக்கு 71 வயது. சமையல் பெரும்பாலும் அங்கேயேதான்.

வண்டிகள்: நண்பர் ஒருவருக்குச் சொந்தமான 26 அடி ஆர்.வி. (படுக்கை, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி), ஒரு ஜீப் ராங்ளர், என்னுடைய டொயோட்டா ஃபோர் ரன்னர் (இரண்டும் ஃபோர் வீல் டிரைவ்), இன்னொரு நண்பரின் சாதாரண ஆல் வீல் டிரைவ் எஸ்.யு.வி. பகலில் மணல் பாதைகளில் சுற்றிவிட்டு, இரவில் ஆர்.வி.யைச் சுற்றிக் கூடாரம் போட்டுத் தங்குவது திட்டம். 13ஆம் தேதி இரவு ஜெமினிட் விண்கல் பொழிவு உச்சத்தில் இருக்கும் என்பதற்காகவே இந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தோம்.

எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு. ஃபிஷ் கிரீக் வறண்ட ஓடைக்குள் ஆர்.வி.யையே கொண்டுபோய் நிறுத்தலாம், மற்றவர்கள் போயிருக்கிறார்கள் என்கிறார் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எஸ்.யு.வி.யில் ஃபான்ட்ஸ் பாயின்ட் என்ற காட்சிமுனை வரை போகலாமா என்பது அடுத்த கேள்வி. மிக்ஸி, தண்ணீர், கழிப்பறை பற்றியும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மணல்வழி | நவம்பர் 6, இரவு 11:15

உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. ஆர்.வி.யை ஓடைக்குள் இறக்காதீர்கள். ஃபிஷ் கிரீக்கில் இன்று கெட்டியாக இருக்கும் மணல், ஒரு மழைக்குப் பிறகு வேறு மணலாகிவிடும். ஐந்தாறு டன் எடையுள்ள வண்டி பின்சக்கரம் வரை புதைந்தால், உங்கள் ஜீப்பும் ஃபோர் ரன்னரும் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. அந்தப் பாதையே மலைகளிலிருந்து வெள்ளம் இறங்கும் வழி என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே மலையில் பெய்த மழை வந்து சேரலாம்.

என் பரிந்துரை பிளேர் வேலி. 78ஆம் சாலையில் சிசர்ஸ் கிராசிங் வந்து, எஸ்-2 சாலையில் தெற்கே சில மைல்கள். உள்ளே போகும் மண்பாதை கெட்டியானது. காய்ந்திருக்கும்போது 26 அடி வண்டி நிதானமாகப் போகலாம். குழிக் கழிப்பறைகள் உண்டு. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை. இடம் சுமார் 2,500 அடி உயரத்தில் இருப்பதால் இரவில் பொரேகோ ஸ்பிரிங்ஸ் ஊரைவிடக் குளிரும். அம்மாவுக்கு ஆர்.வி.க்குள் படுக்கை கொடுங்கள்.

ஜூலியன் ஊரிலிருந்து இறங்கும் மலைப்பாதையில் ஆர்.வி. ஓட்டுபவர் தொடக்கத்திலேயே கீழ் கியருக்கு மாற வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும்.

பூங்காவின் விதிகள் சில: வண்டியைப் பாதை ஓரத்திலிருந்து ஒரு கார் நீளத்துக்கு மேல் தள்ளி நிறுத்தக் கூடாது. தீ மூட்டினால் உலோகக் கலத்துக்குள் மட்டுமே. சாம்பலையும் எடுத்துவர வேண்டும். காய்ந்த சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது, விறகு வீட்டிலிருந்தே வர வேண்டும்.

ஃபான்ட்ஸ் பாயின்ட் எஸ்-22 சாலையிலிருந்து சுமார் 4 மைல், முழுக்க மணல். சில வாரங்களில் சாதாரணக் கார்கூடப் போய்வரும், சில வாரங்களில் ஜீப்பே திணறும். பூங்காவின் பார்வையாளர் மையத்தில் அன்றைய நிலவரம் கேட்டுவிட்டுப் போங்கள்.

---

கீரனூர்க்காரி | நவம்பர் 7, காலை 7:05

தம்பி, வண்டி விஷயத்தை அண்ணன்மார்கள் பார்த்துக்கொள்வார்கள். 14 பேருக்குச் சமைத்துப் பார்த்தவள் என்ற முறையில் தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன்.

பிளேர் வேலியில் குழாய் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் 14 பேருக்கு 56 லிட்டர்; மூன்று நாளுக்கு 168 லிட்டர். இந்த அளவு ஆர்.வி.களில் நல்ல தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 40 காலன், அதாவது 150 லிட்டர் சுமார். அதைக் கைகழுவவும் பாத்திரத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, குடிநீரைத் தனியாக 5 காலன் ஜாடிகளில் ஏற்றுங்கள். எல்லா ஜாடிகளையும் ஒரே வண்டியில் வைக்கக் கூடாது.

தண்ணீர் தீரும் முன்பே கழிவுத் தொட்டி நிறைந்துவிடும். 14 பேர் ஆர்.வி. கழிப்பறையைப் பயன்படுத்தினால் இரண்டு நாள் தாங்காது. பகலில் எல்லோரும் குழிக் கழிப்பறைக்குப் போகட்டும். ஆர்.வி. கழிப்பறை இரவுக்கும், உங்கள் அம்மாவுக்கும், சிறு குழந்தைகளுக்கும் மட்டும். இதைப் புறப்படும் முன்பே எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் மனத்தாங்கல் வரும்.

பாத்திரத்தை உடனே கழுவாதீர்கள். முதலில் காகிதத்தால் எண்ணெயையும் மசாலாவையும் துடைத்து எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் போதும். இட்லி மாவை வீட்டிலேயே புளிக்கவைத்து, குளிரவைத்து, பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்பி எடுத்துப் போங்கள். அந்தக் குளிரில் மாவு அங்கே பொங்காது. புளித்த மாவை நிறைய ஊற்றினால் மலைப்பாதை இறங்குவதற்குள் குளிர்பெட்டி முழுக்க வழிந்திருக்கும். ஆர்.வி. குளிர்பெட்டி கேஸில் ஓடும் வகை என்றால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சக்கரத்துக்கடியில் வைக்கும் கட்டைகளை மறக்க வேண்டாம்.

---

மணல்வழி | நவம்பர் 7, காலை 8:30

அக்கா சொன்னதோடு மின்சாரத்தையும் சேர்த்துவிடுகிறேன். எல்லோரும் மிக்ஸியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். 750 வாட் மிக்ஸி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆனால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். செலவு ஐந்தாறு ஆம்பியர்-மணிதான். அதைத் தாங்கும் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் ஜெனரேட்டரைப் பகலில் அரை மணி நேரம் ஓட்டிச் சட்னி அரைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை எடுத்துப்போகாதீர்கள், இங்கே சரியாகச் சுற்றாது.

பேட்டரியை உண்மையில் தீர்ப்பது ஹீட்டரின் காற்றாடி. கேஸில் எரியும் ஹீட்டர்தான், ஆனால் காற்றாடி ஏழெட்டு ஆம்பியர் எடுக்கும். குளிரிரவில் பாதி நேரம் ஓடினாலே விடியும்போது 40 ஆம்பியர்-மணி போயிருக்கும். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே நல்ல போர்வைகள் கொண்டுபோங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

---

லிவா மணல் | நவம்பர் 7, காலை 10:20

துபாயிலிருந்து எழுதுகிறேன். சனி, ஞாயிறு என்றால் எங்களுக்குப் பாலைவனம்தான். டயரில் காற்றை 15 பவுண்டுக்கு இறக்கிவிட்டு, வேகம் குறையாமல் ஓட்டினால் எந்த வண்டியும் புதையாது. அபுதாபியில் உள்ள லிவாவின் மணல் மேடுகளில் 12 வரைகூட இறக்குவோம். இவ்வளவு தயக்கம் தேவையில்லை என்பது என் கருத்து. நண்பரின் எஸ்.யு.வி.யும் தாராளமாகப் போகும்.

---

மணல்வழி | நவம்பர் 7, பகல் 12:50

தம்பி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் லிவா மணல் வேறு, இது வேறு. உங்களுடையது சலித்தெடுத்தது போன்ற மணல் மேடு. நான்கு திசையிலும் இடம் இருக்கும். இங்கே ஓடை குறுகலானது, மணலுக்குள் தலையணை அளவு பாறைகள் மறைந்திருக்கும், வளைவுக்கு அப்பால் ஒரு குடும்பம் நடந்து வரலாம். 15 பவுண்டில் வேகமாகப் போய்ப் பாறையில் பக்கவாட்டாக மோதினால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும், அல்லது பக்கச்சுவர் கிழியும். இங்கே 35 பவுண்டு டயரை 20க்கு இறக்கினால் பெரும்பாலும் போதும். வேகத்தைவிட ஒரே சீராக ஓடுவதுதான் வேண்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பிவிட வேண்டும்; கம்ப்ரஸர் கட்டாயம்.

---

லிவா மணல் | நவம்பர் 7, பிற்பகல் 1:35

பாறைகளை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கம் தரை முழுக்க மணல்தான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: இழுக்கும் கயிற்றை டிரெய்லர் பூட்டும் இரும்புக் குண்டில் மாட்டவே மாட்டாதீர்கள். இழுவிசையில் அது உடைந்து தெறித்தால் கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும். சட்டகத்தோடு இணைந்த இழுவை வளையத்தில் மட்டும் மாட்டுங்கள். கயிறு இழுபடும்போது குழந்தைகள் அருகில் நிற்கக் கூடாது.

---

தேரிக்காட்டான் | நவம்பர் 7, இரவு 8:10

நான் குதிரைமொழித் தேரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். செம்மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் என்பதால் மணல் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். 2019 மார்ச்சில் அதே அன்சா-பொரேகோவில், அதே மாதிரி ஆல் வீல் டிரைவ் எஸ்.யு.வி.யில், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஓடைக்குள் போனேன். ஒரே வண்டி. பூக்கள் கொட்டிக்கிடந்த வருடம் அது; இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் இன்னும் நிறையப் பார்க்கலாம் என்ற ஆசை.

இரண்டாவது மைலில் என் மனைவி "திரும்பிவிடலாம்" என்றாள். அடுத்த வளைவு வரை என்றேன். அந்த வளைவில் மணல் மாவு போல இருந்தது. சக்கரம் சுழலத் தொடங்கியதும் காலை எடுத்திருக்க வேண்டும். நான் அழுத்தினேன். பத்து நொடியில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. மறுபடி மறுபடி முயன்றதில் திரையில் எச்சரிக்கை வந்தது. பின்சக்கரங்களுக்குச் சக்தி கொடுக்கும் கிளட்ச் சூடேறி, வண்டி முன்சக்கரத்தில் மட்டும் இயங்கத் தொடங்கியது. இந்த வகை வண்டிகள் பலவற்றிலும் இந்தப் பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. அது தெரியாமல்தான் போயிருந்தேன்.

மண்வாரி இல்லை. சமையல் தட்டால் மணலை அள்ளினோம். செல்பேசியில் சிக்னல் இல்லை. நால்வருக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் தண்ணீர் மிச்சம். மூன்று மணி நேரம் கழித்து வந்த ஒரு முதிய தம்பதி, காற்றை 18க்கு இறக்கச் சொல்லி, சக்கரத்துக்கடியில் பலகை கொடுத்து, பத்தே நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள். அவர்கள் வராமல் போயிருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அதனால் எங்கள் குழுவில் இப்போது ஒரே ஒரு சட்டம்: யார் "திரும்பலாம்" என்றாலும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, வாக்கெடுப்பும் கிடையாது. அது பின்னிருக்கையில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது, பயப்படுகிறவருக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம்தான் ஆபத்து. ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங் கையில் இருப்பதால் நிலைமை தன் பிடியில் இருப்பதாகத் தோன்றும். பக்கத்தில் இருப்பவர்தான் பெரும்பாலும் முதலில் சரியாகப் பார்க்கிறார்.

வைகைக்கரை, எஸ்.யு.வி.யைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு மற்ற இரண்டு வண்டிகளில் இடம் பிடித்துப் போங்கள். இரண்டு வண்டிக்குக் குறைந்து ஓடைக்குள் இறங்காதீர்கள்.

---

ஈஸ்ட்பே இளையவன் | நவம்பர் 8, காலை 9:00

இளைஞர்கள் இருந்தால் வாடகைக்கு நாற்சக்கர மோட்டார் (ஏ.டி.வி. எனப்படும், சாலைக்கு வெளியே ஓட்டும் சிறு வண்டி) எடுத்துப் பூங்காவில் ஓட்டலாமே? எந்த இடம் நல்லது?

---

கல்லும் கள்ளியும் | நவம்பர் 8, காலை 11:25

அன்சா-பொரேகோவுக்குள் அவற்றுக்கு அனுமதி இல்லை. பொதுச்சாலையில் ஓடத் தகுதியுள்ள, எண் பதிவு பெற்ற வண்டி மட்டுமே போகலாம், அதுவும் குறித்த பாதையில் மட்டுமே. அந்த ஆசை இருந்தால் கிழக்கே ஒட்டியிருக்கும் ஓக்கொட்டியோ வெல்ஸ் போங்கள். அதற்கென்றே ஒதுக்கிய நிலம், 80,000 ஏக்கருக்கு மேல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த விதி ஏன் என்று பலருக்கும் தெரிவதில்லை, அதனால் சொல்கிறேன். பாலைவனத் தரை வெறும் மண்ணல்ல. மேலே ஒரு மெல்லிய ஓடு இருக்கிறது. நுண்ணுயிர்கள் கட்டிய பொருக்கு சில இடங்களில், காற்று விட்டுவைத்த கூழாங்கல் பரப்பு சில இடங்களில். அதுதான் புழுதி பறக்காமல் மண்ணைப் பிடித்துவைத்திருக்கிறது. 1942இல் ஜெனரல் பாட்டன் இதே தெற்குக் கலிபோர்னியப் பாலையில் டாங்கிப் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தத் தடங்களில் சில இன்றும் தரையில் தெரிகின்றன. 80 வருடத்தில் ஆறாத காயத்தைப் பாதை விட்டு விலகும் ஒரு வண்டி ஒரு நிமிடத்தில் உண்டாக்கிவிடும்.

பொரேகோ என்றால் ஸ்பானிய மொழியில் ஆட்டுக்குட்டி. இங்கே திரியும் பெருங்கொம்பு ஆடுகள் 1998 முதல் அமெரிக்க அரசின் அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் இருக்கின்றன. அவை தண்ணீர் குடிக்க வருவதற்காக கொயோட்டி கேன்யன் பாதையை ஜூன் முதல் செப்டம்பர் வரை மூடிவிடுகிறார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இன்னொன்று: சோய்யா (cholla) என்ற கள்ளியின் முள்ளுருண்டை, தொட்டவுடன் கழன்று ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். தலைவாரும் சீப்பை முள்ளுருண்டைக்கும் தோலுக்கும் நடுவே விட்டு ஒரே வீச்சில் தெறிக்கவிட வேண்டும். மிச்ச முள்ளுக்கு இடுக்கி. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சீப்பு வையுங்கள்.

---

வைகைக்கரை | நவம்பர் 8, இரவு 10:30

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இழையை நான்கு வீட்டாருக்கும் அனுப்பினேன். ஆர்.வி. பிளேர் வேலியில்தான் நிற்கும். எஸ்.யு.வி. தார்ச்சாலையோடு நின்றுவிடும், அந்த நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் தேரிக்காட்டான் எழுதியதைப் படித்துவிட்டு அவரே சரி என்றார். போய்வந்து எழுதுகிறேன்.

---

வைகைக்கரை | டிசம்பர் 17, இரவு 9:15

போய்வந்துவிட்டோம். எல்லோரும் நலம்.

13ஆம் தேதி ஃபிஷ் கிரீக். காற்றை 20 பவுண்டுக்கு இறக்கி, இரண்டு வண்டிகளில் பத்துப் பேர். மற்றவர்கள் அம்மாவோடு முகாமில். மலையை இரண்டாகப் பிளந்ததுபோல் நிற்கும் சுவர்களுக்கு நடுவே வண்டி போகும்போது பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பாறை அடுக்குகள் வில்லாய் வளைந்து நிற்கும் இடத்தில் இறங்கிப் பார்த்தோம். பிறகு காற்றுக் குகைகளுக்கு ஏறினோம். இந்த நிலம் ஒரு காலத்தில் கலிபோர்னியா வளைகுடாவின் கடலடியாக இருந்தது, இங்கே சிப்பிப் படுகைகள் இருக்கின்றன என்று சொன்னதும் என் மகள் ஒவ்வொரு கல்லையும் குனிந்து பார்த்தாள். எதையும் எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொண்டார்கள்.

அடுத்து சாண்ட்ஸ்டோன் கேன்யன் வரை போவதாகத் திட்டம். ஒன்றே முக்கால் மணிக்கு, ஜீப்பில் இருந்த நண்பரின் மனைவி வாக்கி டாக்கியில் "திரும்பலாம்" என்றார். நான் காரணம் கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். திரும்பினோம். மாலை நாலே முக்கால் வாக்கில் சூரியன் மறையும் மாதம் அது. வெளியே வரும் வழியில் ஒரு வேன் புதைந்து நின்றது. வெளியூர் மாணவர்கள் மூவர். பலகையும் மண்வாரியும் கொடுத்து அவர்களை எடுத்துவிட ஒரு மணி நேரம் ஆனது. நாங்கள் உள்ளே போயிருந்தால் அவர்களைப் பார்த்திருக்க மாட்டோம், பார்த்திருந்தாலும் இருட்டில்தான்.

அன்றிரவு விண்கற்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலிகளைச் சாய்த்துப் போட்டோம். பொரேகோ ஸ்பிரிங்ஸ் 2009 முதல் இருண்ட வான ஊர் (விளக்கொளியைக் குறைத்து இரவு வானைக் காக்கும் ஊர்) என்ற சர்வதேச அங்கீகாரம் பெற்றது, பூங்காவுக்கும் பின்னர் அது கிடைத்தது. அந்தச் சான்றிதழின் பொருள் அன்றுதான் புரிந்தது. பிள்ளைகள் எண்ணத் தொடங்கி, நாற்பதுக்குப் பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள்.

14ஆம் தேதி காலை ஃபான்ட்ஸ் பாயின்ட். முதல் நாளே மையத்தில் கேட்டோம். மணல் சுமார் என்றார்கள், போய்வந்தோம். விளிம்பில் தடுப்புச் சுவர் கிடையாது. சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் ஊருக்குள் இருக்கும் இரும்புச் சிற்பங்களைப் பார்த்தோம். ரிக்கார்டோ பிரெசேடா செய்தவை, 130க்கு மேல். சாலையின் இருபுறமும் மணலிலிருந்து எழும் 350 அடிப் பாம்பு டிராகனைக் குழந்தைகள் விட்டுவர மறுத்தார்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளேர் வேலியில் இப்பகுதியின் பழங்குடிகளான குமேயாய் மக்கள் தானியமும் விதைகளும் இடித்த பாறைக்குழிகள் இருக்கின்றன. நடக்கக் குறைந்த தூரம்தான், மெதுவாகக் கூட்டிப்போனேன். அம்மா ஒரு குழிக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தார். "நம் உரல்தான். ரொம்பக் காலம் இடித்திருக்கிறார்கள், இவ்வளவு வழவழப்பு சீக்கிரம் வராது" என்றார். பிறகு பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து, இடிக்கிறவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள், நிழல் எந்நேரம் எங்கே விழும் என்று பேத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தகவல் பலகையில் இது எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. முதல் இரவு ஹீட்டரை விடிய விடிய ஓட்டிவிட்டோம். மணல்வழி சொன்னது போலவே காலையில் பேட்டரி மிகவும் இறங்கியிருந்தது. இரண்டாம் நாள் பிற்பகல் காற்றில் ஆர்.வி.யின் நிழற்கூரையைச் சுருட்ட மறந்து, ஒரு கம்பி வளைந்தது. கொஞ்ச நேரம் வண்டியைவிட்டு நகர்ந்தாலும் அதைச் சுருட்டிவிடுங்கள்.

---

கீரனூர்க்காரி | டிசம்பர் 18, காலை 6:50

அம்மாவைக் கூட்டிப்போனதே பெரிய காரியம் தம்பி. தண்ணீர் போதுமாக இருந்ததா?

---

வைகைக்கரை | டிசம்பர் 18, காலை 8:05

குடிநீரில் ஒன்றரை ஜாடி மிஞ்சியது அக்கா. அதில் ஒன்றைப் புதைந்து நின்ற மாணவர்களுக்குக் கொடுத்தோம். அவர்களிடம் மூன்று பாட்டில்தான் இருந்தது. கழிவுத் தொட்டி கடைசிக் காலை வரை தாங்கியது. மாவு ஒரு துளியும் வழியவில்லை.

பிப்ரவரி கடைசி வாரம் மறுபடி போகிறோம், இந்த முறை சாண்ட்ஸ்டோன் கேன்யன் வரை. காலை ஏழு மணிக்கே ஓடைக்குள் இறங்குவோம். ஃபோர் வீல் டிரைவ், இழுவை வளையம், கம்ப்ரஸர் உள்ள ஒரு வண்டிக்கு இடம் இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் இங்கேயே எழுதுங்கள்.